படத்தில் சொன்ன பாங்கு

போன மாதம் ரிஸ்வானா மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நடமாடும் படப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். "ராத்தா, இதக் கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று மேசையில் வைத்தாள். பார்த்தால் நான் எப்போதோ மனப்பாடம் செய்த பொஸ்னியாப் படம். ஆனால் தமிழில் யாரோ பேசுகிறார்கள். ஆரென்று கேட்டேன். "ஆளில்ல ராத்தா, மெசின்" என்றாள்.

கெட்டிக்காரக் குரல்தான், பொய் சொல்லக் கூடாது. தொண்டை கட்டவில்லை, இருமவில்லை, இடைவேளையில் இஞ்சி போட்ட தேத்தண்ணி கேட்கவில்லை. என் வாழ்க்கையில் பாதியைத் தின்ற வேலையை ஒரு பொத்தானை அமத்தியதும் அது செய்கிறது. எனக்கு எரிச்சல் வரும் என்று ரிஸ்வானா பயந்திருப்பாள் போல, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்ன எரிச்சல்? நான் சம்பளமும் வாங்கி, ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு இருக்கிறேன்.

ஆனால் ஓரிடம் வந்தது. படத்தில் அந்தி மஹ்ரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். அதன் மேலே ஏறி நின்று அந்தக் குரல், "தொழுகைக்கான அழைப்பு ஒலிக்கிறது" என்றது.

"நிப்பாட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் ரிஸ்வானாவின் கை தேத்தண்ணிக் கோப்பையில் பட்டுவிட்டது.

"பிழையா ராத்தா?"

"பிழையில்ல கா. அது சொல்றது சரிதான். ஆனா இந்த இடத்தில வாயத் திறக்கலாமா, கூடாதா எண்டு பெரிய கூத்தே நடந்திரிக்கி. உனக்குத் தெரியாது."

அதைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவது என் தொழில் இல்லை, என் தொழில் கதைப்பது.

என்ன தொழில் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உதவி நிறுவனம் ஒன்றில் எங்களுக்கு ஒரு வேன் இருந்தது. அதற்குள் படக்கருவி, வெள்ளைத் திரை, இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஒரு சின்ன ஜெனரேட்டர். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, உள்ளே இறக்காமம் வரை போய் வெளிநாட்டுப் படங்கள் போடுவோம். பார்க்க வருகிறவர்கள் பெண்கள். படத்தின் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க அவர்களில் பலருக்குக் கண் போதாது, சிலருக்கு எழுத்தும் போதாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மைக்கைப் பிடித்து, படம் முழுவதையும் நான் தமிழில் சொல்வேன். ஊரில் என் பெயரே மறந்துபோய் 'மைக் ராத்தா' ஆகிவிட்டேன். வீட்டில் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் என் மனிசன், "இஞ்ச மைக் வேணாம் புள்ள, நான் கிட்டத்தான் இரிக்கன்" என்பார்.

பள்ளிக்கூட விழாக்களில் அறிவிப்புச் செய்த பழக்கத்தில்தான் அந்த வேலை கிடைத்தது. முதல் படத்தில் நான் செய்த அட்டகாசம் சொல்லி மாளாது. பெண்ணுக்கு மெல்லிய குரல், ஆணுக்குக் கட்டைக் குரல், கிழவனுக்கு நடுங்கும் குரல். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் பிரிவின் பொறுப்பாளர் தங்கராசா சேர் மட்டும் வயரைச் சுற்றிக்கொண்டே, "தங்கச்சி, நீங்க நடிக்க வேணாம். அவங்க அங்க நடிச்சு முடிச்சிட்டாங்க" என்றார்.

சேர் காரைதீவு ஆள். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கும் துணி, கையில் எந்நேரமும் ஒரு டோர்ச். எல்லாரையும் 'நீங்க' என்பார். வேன் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதையும், "என்ன, இண்டைக்கு வர மாட்டீங்களா?" என்று கேட்பார். ஒருநாளும் அவர் யாரையும் புகழ்ந்ததில்லை. மிகவும் நன்றாகச் செய்தால் "பிழையில்ல" என்பார். நோன்பு காலத்தில் எங்கள் முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார். வேனுக்குப் பின்னால் போய், போத்தலைத் துணியில் சுற்றிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அதைக் காணாதது போல நாங்கள் நடிப்போம்.

வேலைக்கு அவர் வைத்த முறை ஒன்று உண்டு. ஒரு படம் வந்தால் முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தமிழை எழுதலாம். அழுகிற ஆளின் மேல் கதைக்கக் கூடாது. ஒருவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். நாம் அவசரப்பட்டு விளக்கம் சொல்லக் கூடாது. படம் நடக்கும்போது அவர் பின்னால் கருவிக்குப் பக்கத்தில் இருப்பார். டோர்ச் ஒருமுறை மின்னினால் மெதுவாகச் சொல்ல வேண்டும், இரண்டுமுறை மின்னினால் வாயை மூட வேண்டும். ஆரம்பத்தில் அந்த டோர்ச் கார்த்திகை விளக்கு மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது. போகப் போகக் குறைந்தது.

கொழும்புத் தலைமையகம் ஒருமுறை சில பொஸ்னியாப் படங்களை அனுப்பியது. எங்கள் பக்கத்துச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போர்ப் படம் என்றதும் பார்ப்பதை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். போட்டுப் பார்த்தால் அவற்றில் போரைக் காணவில்லை. சுடுகிறவனின் முகம் வராது. வருவது எல்லாம் தண்ணீர்க் கேன். ஜன்னலுக்கு ஒட்டிய பொலித்தீன். விறகுக்குப் பதிலாக அடுப்புக்குள் போகும், காலில் போட்ட பழைய சப்பாத்து. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கி இருந்து பகிடி விடும் அயலவர்கள். சரயேவோ என்ற நகரத்தை மலைகளிலிருந்து வளைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். அதற்குள் இருந்து மனிதர்கள் கல்யாணம் முடித்திருக்கிறார்கள், சண்டை பிடித்திருக்கிறார்கள், தலைமுடிக்குச் சாயம் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். முதல் படத்தைப் பார்த்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

அவற்றில் ஒரு படத்தைத்தான் கல்முனையில் முதலில் போட எடுத்தோம். ஒரு மாடி வீடு. அதில் ஒரு முஸ்லிம் குடும்பம். படிக்கட்டில் மேலும் கீழும் வேறு மதத்து அயலவர்கள். நோன்பு மாதம். வீட்டுக்காரன் நாற்சந்தியைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போகிறான். அந்த நாற்சந்தியை ஓடித்தான் கடக்க வேண்டும், நடந்தால் மலையிலிருந்து சுடுவார்கள். அவன் இன்னும் திரும்பாத நேரத்தில் நோன்பு திறக்கப் பாங்கு கேட்கிறது. மின்சாரம் இல்லாததால் வெறும் தொண்டையால் சொல்லும் பாங்கு. அயலவர்கள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாங்கு முடியும் வரை இவர்களோடு காத்திருப்பார்கள்.

அந்த இடத்தைப் பார்த்து முடித்ததும் சேர், "இதில நீங்க ஒண்டும் சொல்லக் கூடாது" என்றார்.

"பாங்கு கேக்குது எண்டாவது சொல்லட்டா சேர்?"

"உங்கட ஆக்களுக்குப் பாங்கு எண்டா என்னெண்டு சொல்லிக் குடுக்கணுமா தங்கச்சி? நாங்க வீட்டில பாங்கு கேட்டா ரேடியோவக் குறைப்பம். அதுக்கு மேல ஏறிக் கதைக்கிறது மரியாதயில்ல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தாளில் அந்த இடத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு வைத்தேன்.

மண்டபம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பள்ளிவாசல் மரைக்கார் ஒருவரின் பொறுப்பில் இருந்த மண்டபம் அது. நிர்வாகம் பார்க்கிறவர், வெள்ளைத் தொப்பி, கைத்தடி, வாயில் எப்போதும் வெற்றிலை. படம் என்றதுமே அவருக்கு முகம் சுருங்கியது. "பொம்புளயள் மட்டும். மெசின் ஓட்ட சேர் ஒராள் பின்னால இரிக்கலாம். மஹ்ரிபுக்கு முந்தி முடியணும். ஏதாவது ஒரு பிரச்சின வந்திச்சோ, இதுதான் கடைசி. பிறகு இந்த ஊர்ல படமுமில்ல, மைக்குமில்ல" என்றார். சேர் தலையாட்டினார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வீட்டை விட்டு ஒன்றாக உட்கார வேறு இடம் கிடையாது. கல்யாண வீடு, மௌத்து வீடு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இந்த மண்டபமும் போனால் அவர்கள் படம் பார்ப்பது முடிந்த கதை.

அது பெருநாள் கழிந்து பெண்கள் ஆறு நோன்பு பிடிக்கும் நாட்கள். பலர் நோன்போடுதான் வந்தார்கள். படம் முடிய எல்லாரும் சேர்ந்தே நோன்பு திறந்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கத்தில் கஞ்சிச் சட்டியும் இறக்கியாகிவிட்டது. பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆசியத்தும்மா ராத்தாவும் பூமணி அக்காவும் இருந்தார்கள். இருவரும் கல்முனைச் சந்தையில் அடுத்தடுத்து மரக்கறி விற்கிறவர்கள். விலையில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒரே ஓட்டோ.

ஆசியத்தும்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலவர காலத்தில் அவருடைய மனிசன் இறக்காமத்து வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனார். போனவர்தான். மையித்தும் இல்லை, சேதியும் இல்லை. யாரோ ஒருவர் வந்து, விதவையாக வீட்டுக்குள் அடங்கியிருக்கும் இத்தாவில் இருக்கச் சொன்னபோது, "மௌத்தக் காட்டுங்க, இருக்கன்" என்று சொல்லிவிட்டார். மனிசன் திரும்பி வரும் வரை, இல்லையென்றால் ஒரு சேதி வரும் வரை, திங்கட்கிழமை தோறும் நோன்பு பிடிப்பதாக நேர்ச்சை வைத்தார். அன்று திங்கட்கிழமை.

ஊரில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்ததால் கவலை இல்லை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். சேர் ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுவரோரம், ஜன்னல்களுக்குக் கீழே வைத்தார். படம் தொடங்கியது.

அப்படி ஒரு கூட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை. நாற்சந்தியில் ஒரு பெண் ஓட வெளிக்கிட்டதும் மண்டபமே கத்தியது. "நடு ரோட்டால போகாத கா! சுவரோட ஒட்டிப் போ!" ஷெல் விழுந்ததும் ஒருவர், "ஜன்னல் பக்கம் என்ன வேல இவக்கு? படிக்குக் கீழ போகச் சொல்லுங்க ராத்தா!" என்று என்னிடமே கோபப்பட்டார். அடுப்பில் சப்பாத்தை எரித்தபோது, "மணக்குமே, சோறு அந்த வாடை அடிக்குமே" என்று பூமணி அக்கா மூக்கைப் பொத்தினார். எல்லாரும் அனுபவப்பட்டவர்கள். நான் சொல்லும் தமிழ் அவர்களுக்குத் தேவையே இல்லை போல இருந்தது.

வீட்டுக்காரன் கேனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். மண்டபம் அடங்கியது. ஆசியத்தும்மா கதிரை விளிம்புக்கு வந்துவிட்டார்.

அப்போது பாங்கு கேட்டது. நான் சேர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு இருட்டுக்குள் கைப்பைகள் திறக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. யாரோ "பிஸ்மில்லாஹ்" என்றார்கள். எனக்கு உடனே விளங்கவில்லை. கரண்ட் இல்லாத நாளில் எங்கள் மோதினாரும் வெறும் தொண்டையால்தான் பாங்கு சொல்வார். சத்தம் வந்ததும் ஜன்னல் பக்கத்திலிருந்து. மண்டபம் இருட்டு. நான் வேறு மரியாதையாகப் பேசாமல் இருந்துவிட்டேன். முன்வரிசையில் ஆசியத்தும்மா ஈச்சம்பழத்தை வாயில் போட்டார். பூமணி அக்கா தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து, "இந்தா ஆசியா, குடி, காலமையில இருந்து பட்டினி" என்று நீட்டினார்.

கஞ்சிக்குக் கோப்பை எடுக்க வெளியே போன ஒருத்தி, கதவைத் திறந்த வேகத்தில் அலறினாள். "யா அல்லாஹ்! வயல் பக்கம் வெயில் நிக்குது!"

சேர் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! பாதிப் பேரின் வாயில் ஈச்சம்பழம். சிலர் துப்புகிறார்கள். சிலர் விழுங்குவதா துப்புவதா என்று கன்னம் உப்பியபடி முழிக்கிறார்கள். "மறந்து தின்டா நோன்பு முறியா" என்றாள் ஒருத்தி. "இது மறதியா? நாம பாங்கு கேட்டுத்தானே தின்டம்!" என்றாள் இன்னொருத்தி. பூமணி அக்கா போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ஐயோ, நான்தானே குடுத்தன், நான்தானே குடுத்தன்" என்று அழத் தொடங்கிவிட்டார்.

சத்தம் கேட்டு மரைக்கார் வந்தார். பெண்கள் இருப்பதால் உள்ளே வராமல் வாசற்படியில் நின்று, "என்ன நடந்த?" என்றார். சேர்தான் முன்னே போனார்.

"படத்தில பாங்கு வந்திச்சு. இவங்க ஊர்ப் பாங்கெண்டு நினைச்சிட்டாங்க. தங்கச்சி அந்த இடத்தில சொல்லியிருக்கலாம். பாங்குக்கு மேல கதைக்க வேணாமெண்டு தடுத்தது நான். பிழை என்ட."

மரைக்கார் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பாங்குக்கு மரியாதை கொடுத்த மனிசனை என்னவென்று திட்டுவது? சேரின் நெற்றித் திருநீற்றை ஒருமுறை பார்த்தார், தன் கைத்தடியை ஒருமுறை பார்த்தார். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, "நோன்பு போனது உங்கட. நீங்க சொல்லுங்க. இத இத்தோட நிப்பாட்டுறதா?" என்றார்.

எல்லாரும் ஆசியத்தும்மாவைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குப் போனது கடமையில்லாத சுன்னத்தான நோன்பு. அவருக்குப் போனது நேர்ச்சை. அத்தனை வருடங்களில் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் விடாமல் பிடித்து வந்த நோன்பு. அவர் ஒரு சொல் சொன்னால் மண்டபத்துக் கதவு மூடும். அதற்குப் பிறகு யார் போய்க் கேட்பது?

ஆசியத்தும்மா ஈச்சங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார். அவசரமே இல்லை. "மரைக்கார், இதுக்குப் பதிலா நோன்ப நான் நாளைக்குக் கழாச் செய்வன். அல்லாஹ் அறிவான், நான் களவாத் தின்னல்ல. தண்ணிக்குப் போன அந்த மனிசன் இன்னும் வரல்ல. கதவச் சாத்துங்க. படத்தப் போடச் சொல்லுங்க."

மரைக்கார் தானே கதவை இழுத்துச் சாத்தினார்.

மிச்சப் படத்துக்கு யாரும் சத்தம் போடவில்லை. தண்ணீருக்குப் போனவன் வரவில்லை. கடைசியில் ஓர் அயலவன் அவனுடைய கேனைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். கேன் நிறையத் தண்ணீர். மனைவி அழவில்லை. தண்ணீரைப் பானையில் ஊற்றுகிறாள். படிக்கட்டில் இருக்கும் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கோப்பை கொடுக்கிறாள். அவள் சொல்வது ஒரே ஒரு வசனம்தான். அதை நடிக்காமல், தாளில் எழுதியபடியே சொன்னேன்.

"இது அவர் கொண்டுவந்த தண்ணீர். குடியுங்கள்."

டோர்ச் இரண்டுமுறை மின்னியது. நான் ஏற்கெனவே வாயை மூடியிருந்தேன்.

அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து ஆசியத்தும்மாவின் குரல் கேட்டது. யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். "அவளுக்குக் கேனாவது வந்திச்சு. எனக்குச் சைக்கிள் கூட வரல்ல."

நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது? மைக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பூமணி அக்கா எழும்பிப் போய் அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்து, மடியில் தலையை வைத்துக்கொண்டார். சந்தையில் கத்தரிக்காய் விலைக்கு அடிபடும் இரண்டு பேர். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. யாரும் எழும்பவில்லை.

அப்போது பாங்கு கேட்டது.

வெறும் தொண்டையால் சொல்லும் பாங்கு. ஜன்னல் பக்கமிருந்துதான் வந்தது. ஒரு கையும் பைக்குள் போகவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "மைக் ராத்தா, இது எந்தப் பாங்கு?" என்று கேட்டாள்.

நான் சேரைப் பார்த்தேன். டோர்ச் மின்னவில்லை. மைக்கை எடுத்தேன். என் தொழிலில் ஒரே ஒரு தரம் பாங்குக்கு மேல் கதைத்தேன், அது அன்றைக்குத்தான். "இது நம்மட பள்ளிப் பாங்கு. நோன்பத் திறங்க."

மண்டபம் சிரித்தது பாருங்கள்! கண்ணில் தண்ணீரோடு, ஈச்சம்பழம் புரையேறச் சிரித்தது. நோன்பு முறியாதவர்களுக்கு முதலில் கஞ்சி ஊற்றினார்கள். முறிந்தவர்கள் வரிசையில் பின்னால் நின்றார்கள், அது அவர்களாகவே போட்ட சட்டம். ஆசியத்தும்மா ஒரு கோப்பைக் கஞ்சியைக் கொண்டுபோய், வாசலில் ஒதுங்கி நின்ற சேரிடம் நீட்டினார். "பிடிங்க சேர். வேனுக்குப் பின்னால போகாதீங்க. இஞ்சயே குடிங்க." சேருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாளும் எல்லாருக்கும் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நின்ற இடத்திலேயே குடித்தார். குடித்து முடித்து, "பிழையில்ல" என்றார்.

மண்டபம் பிறகும் கிடைத்தது. ஒவ்வொரு காட்சிக்கும் மரைக்கார் வாசலில் நின்று, "படத்துக்குள்ள பாங்கு வந்தாலும் வரும், மணிக்கூட்டப் பாக்காம வாயில ஒண்டையும் போடாதீங்க" என்று பெருஞ்சத்தமாக அறிவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். கார்ட்டூன் படத்துக்கும் அப்படித்தான் அறிவித்தார். ஆசியத்தும்மா மறுநாள் நோன்பைக் கழாச் செய்தார். அடுத்த திங்களும் பிடித்தார், அதற்கு அடுத்த திங்களும். சேதி எதுவும் வராமலே போன வருடம் மௌத்தாகிவிட்டார். தங்கராசா சேர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ரிஸ்வானா, பாங்கு வரும் இடத்தில் மெசின் குரலை எடுத்துவிட்டாள். போன வாரம் அதே படத்தைப் போட்டார்கள். நானும் போனேன், முதன்முதலாகப் பார்க்கிறவர்களோடு ஒருத்தியாக. எனக்குப் பக்கத்தில் பூமணி அக்கா. கண் மங்கிவிட்டது, காதும் அரைவாசி. மடியில் தண்ணீர்ப் போத்தல். படத்தில் பாங்கு கேட்டதும் அவருடைய கை தானாகப் போத்தல் மூடிக்குப் போனது. பிறகு நின்றது.

"இது படத்துப் பாங்கா, ஊர்ப் பாங்கா?" என்று என் காதில் கேட்டார்.

"படத்துப் பாங்கு அக்கா."

"அதானே. இன்னொருக்கா ஏமாற மாட்டன்." மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேன் வாசலுக்கு வரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. திரையில் அந்தப் பெண் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் பூமணி அக்கா மூடியைத் திறந்து போத்தலை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, குடி. ஆசியாட பங்கு."